வில்லடிப் பைத்தியங்கள்

சங்கீத ரசிகர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். முன் வரிசையில் உட்கார்ந்து, தொடையில் தாளம் போட்டுக்கொண்டு, வித்துவான் ஸ்வரத்தை முடிப்பதற்குள் தாங்களே முடித்துவிடும் மகானுபாவர்கள். சினிமா ரசிகர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கட்-அவுட்டுக்குப் பாலபிஷேகம் செய்துவிட்டு வீட்டில் காப்பிக்குப் பால் இல்லாமல் தவிக்கிறவர்கள். இந்த இரண்டு ரகத்திலும் சேராத மூன்றாவது ரகம் ஒன்று கோவில்பட்டிச் சீமையில் உண்டு. அவர்களுக்கு 'வில்லடிப் பைத்தியம்' என்று ஊரார் வைத்திருக்கும் பெயரை அவர்கள் பட்டமாகவே ஏற்றுக்கொள்கிறார்கள்.

பட்டணத்தில் 'வில்லுப்பாட்டு', மேடைத் தமிழில் 'வில்லிசை'. தெற்கே மட்டும் 'வில்லடி'. எனக்கு இந்தக் கடைசிப் பெயர்தான் பிடித்திருக்கிறது. மற்ற இரண்டும் பாட்டையும் இசையையும் சொல்கின்றன. இது ஒன்றுதான் அடியைச் சொல்கிறது. பைத்தியங்களின் பைத்தியம் முழுவதும் அந்த அடியில்தான் இருக்கிறது.

கரிசல் காட்டில் பருத்தி எடுத்து முடிந்து, மார் பிடுங்கி, மண் வெடித்து வாயைப் பிளந்து கிடக்கும் கோடையில் கோயில் கொடைகள் ஆரம்பமாகும். சுடலைமாடனுக்கு ஓர் ஊரில், காளியம்மனுக்கு இன்னோர் ஊரில். சாமிக்குக் கொடை என்றால் சாமியின் கதையைப் பாடியாக வேண்டும். பாடுவதற்கு வில் வந்தாக வேண்டும். எங்கேயோ பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் இன்ன அண்ணாவி வருகிறார் என்று காதில் விழுந்தால் போதும், நமது பைத்தியம் வரி கொடுத்தவனும் அல்ல, அந்த ஊர்க்காரனும் அல்ல, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவான்.

வில்லைப் பார்க்காத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. வைரம் பாய்ந்த பனங்கட்டையையோ மூங்கிலையோ ஏறக்குறைய ஆள் நீளத்துக்கு இரண்டு மடங்காக எடுத்து வளைத்து, இரு முனையையும் முறுக்கிய தோல் வடத்தால் இழுத்துக் கட்டியிருப்பார்கள். வில்லில் வரிசையாக வெண்கல மணிகள். வில்லின் முதுகு ஒரு மண்குடத்தின் கழுத்தில் உட்கார்ந்திருக்கும். குடத்துக்காரர் ஒரு கையால் வில்லையும் குடத்தையும் அணைத்துப் பிடித்து, மறு கையில் இருக்கும் பத்தியால் குடத்தின் வாயில் அடிப்பார். உடுக்கை ஒருவர், ஜால்ரா ஒருவர், கட்டை ஒருவர். நடுநாயகமாக அண்ணாவி. அவர் கைகளில் இரண்டு வீசுகோல்கள்.

அண்ணாவி ஓர் அடியைப் பாடினால் பக்கத்தில் இருப்பவர் வாங்கிப் பாடுவார், நடுநடுவே 'ஆமா' போடுவார். ஒவ்வொரு ஆபீஸிலும் சம்பளம் வாங்கிக்கொண்டு இந்த வேலையைச் செய்கிறவர்கள் உண்டு. ஆனால் வில்லில் 'ஆமா' போடுகிறவருக்குக் கதை தெரிந்திருக்க வேண்டும். இடம் தவறிப் போட்டால் கதை நொண்டும்.

இப்போது கஷ்டத்தைக் கவனியுங்கள். பாடுகிறவரும் அவரே, கதை சொல்கிறவரும் அவரே, அழுகிறவரும் சிரிக்க வைக்கிறவரும் அவரே, அடிக்கிறவரும் அவரே. வாய் ஒரு வரியை இழுத்து நீட்டிக்கொண்டிருக்கும். கை அதற்குள் நாலு தடவை வடத்தில் விழுந்து எழுந்திருக்கும். வடத்தில் கோல் விழும்போது ஒரு ஆழ்ந்த 'தொம்'. அந்த அதிர்ச்சியில் மணிகளெல்லாம் சேர்ந்து ஒரு சிலிர்ப்பு. நடுவில் அடித்தால் ஒரு நாதம், ஓரத்தில் அடித்தால் வேறு நாதம். நரம்பு வாத்தியமா தோல் வாத்தியமா என்று கேட்டால் இரண்டும்தான். இத்தனைக்கும் நடுவே அண்ணாவி ஒரு கோலை உயரே எறிவார். அது சுழன்று இறங்கும் வரை தாளத்தில் ஒரு பள்ளம். கையில் விழுந்த அதே க்ஷணத்தில் வடத்தில் அடி. பைத்தியங்கள் மூச்சு விடுவது அதற்குப் பிறகுதான்.

தந்தியை மத்தளமாக்கும் இந்த யுக்தி கடல் கடந்தும் இருக்கிறது. 1954-ல் அமெரிக்காவில் மெம்பிஸ் நகரத்தில் எல்விஸ் பிரஸ்லி என்ற பையன் தன் முதல் இசைத்தட்டுக்குப் பாடியபோது கூட இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் கிதார். இன்னொருவர் பில் பிளாக், ஆளுயர பாஸ் பிடிலை வைத்திருந்தவர். டிரம் கிடையாது. பில் பிளாக் தந்தியை இழுத்துக் கட்டையின் மேல் அறைந்து அறைந்து டிரம் இல்லாத குறையைத் தீர்த்தார். பிற்பாடு சான் பிரான்சிஸ்கோ பக்கத்தில் லாரி கிரஹாம் என்ற இளைஞர் தம் தாயாரின் சிறிய குழுவில் வாசித்தார். அங்கேயும் டிரம்காரர் இல்லை. கட்டை விரலால் பேஸ் கிதாரின் தடித்த தந்தியை அடித்து அவரே டிரம் ஆகிவிட்டார். அந்த விரலடிக்கு உலகெங்கும் சீடர்கள் முளைத்தார்கள். அவர் நல்ல பாடகரும் கூட. 1980-ல் அவர் பாடிய ஒரு காதல் பாட்டு அமெரிக்காவில் சக்கைப்போடு போட்டது. ஆனால் அவருடைய பரம ரசிகர்களிடம் பேச்சுக் கொடுத்தால் குரலைப் பற்றி ஒரு வார்த்தை, கட்டை விரலைப் பற்றி ஒன்பது வார்த்தை. நமது வில்லடிப் பைத்தியத்தை அவர்கள் நடுவில் கொண்டுபோய் விட்டால் பாஷை தெரியாமலே சிநேகம் ஆகிவிடும்.

கோவில்பட்டிக்காரர்களுக்கு ரசனையைப் பற்றி நாம் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நாதஸ்வரச் சக்கரவர்த்தி ராஜரத்தினம் பிள்ளையின் சீடர் காருகுறிச்சி அருணாசலம் வந்து குடியிருந்த ஊர் அது. 1964-ல் அவர் மறைந்தார்; அவருக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். வில்லுக்கும் அந்தச் சீமை சளைத்ததல்ல. வடக்கே பக்கத்தில் இருக்கும் சாத்தூரிலிருந்துதான் 'வில்லிசை வேந்தர்' பிச்சைக்குட்டி கிளம்பினார். அந்தப் பெயரைச் சொன்னாலே வயதானவர்கள் முகத்தில் ஒரு வெளிச்சம் வருகிறது.

வில்லைப் பட்டணத்துக்குக் கொண்டுவந்த பெருமை கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனுக்கும் அவருக்கு எழுதிக்கொடுக்க வந்த சுப்பு ஆறுமுகத்துக்கும். திருநெல்வேலிப் பக்கம் சத்திரம் புதுக்குளத்தில் 1928-ல் பிறந்தவர் சுப்பு ஆறுமுகம். காந்தியடிகளின் கதையைக் கலைவாணர் வில்லில் பாடினார், எழுதியவர் இவர். கலைவாணர் 1957-ல் மறைந்த பிறகு இவரே வில்லை எடுத்துக்கொண்டு வானொலி, சபா, பள்ளிக்கூடம் என்று ஊர் ஊராகப் போனார். 2021-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. மறு வருஷம் அக்டோபரில் தொண்ணூற்று நாலாவது வயதில் காலமானார். அவருடைய மகள் பாரதி திருமகன் வில்லை விடவில்லை.

இது வெளிச்சத்தில் இருந்த வாழ்க்கை. வெளிச்சம் போதாத இன்னொரு வாழ்க்கையையும் சொல்ல வேண்டும். கன்னியாகுமரி மாவட்டத்துப் பூங்கனி அம்மாள் சிறுமியாக இருக்கும்போதே வில்லுக்கு முன் உட்கார்ந்தவர். ஆண்கள் கோலோச்சிய மேடையில் வீசுகோல் எறிந்து கூட்டத்தைக் கட்டிப் போட்டவர். முதுமையில் வறுமைதான் துணை. 2018 நவம்பரில் மறைந்தார். அவருடைய பாட்டை ரசித்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்திருப்பார்கள். அந்தக் கைகளை, அவை உச்சத்தில் இருந்த காலத்தில், யார் படம் பிடித்து வைத்தார்கள்?

என்னை உறுத்துகிற சங்கதி இதுதான். வில்லின் கதைகளுக்குப் பெரிய குறை ஒன்றும் வைக்கவில்லை. பேராசிரியர் நா. வானமாமலை கட்டபொம்மு கதைப்பாடலையும் முத்துப்பட்டன் கதையையும் பதிப்பித்தார். தி.சி. கோமதிநாயகம் வில்லுப்பாட்டுகளை ஆராய்ந்து தனிப் புத்தகமே போட்டார். ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் என்ற அமெரிக்க அறிஞர் தெற்கே வந்து இரவிரவாகக் கண் விழித்து 1988-ல் ஒரு நூல் எழுதினார். குரல்களையும் வானொலியும் காஸெட்டும் ஓரளவு காப்பாற்றின. கை மட்டும்தான் எதிலும் ஏறவில்லை. காஸெட்டில் கோல் எறிவது கேட்குமா? அங்கே ஒரு சின்ன மௌனம் இருக்கும், அவ்வளவுதான்.

கையைப் பார்த்து வைத்திருப்பவர்கள் இந்தப் பைத்தியங்கள்தான். எந்த அண்ணாவி இடது கையால் எறிவார், யார் எறியாமல் விரலிடுக்கில் சுழற்றுவார், யார் சோகக் கட்டத்தில் ஒரு கோலைக் கீழே வைத்துவிடுவார் என்பதெல்லாம் இவர்களுக்கு அத்துப்படி. முத்துப்பட்டன் கதையில் ஒரு கட்டம். பிராமணன் முத்துப்பட்டன், செருப்புத் தைக்கும் குலத்துப் பெண்களான பொம்மக்காவையும் திம்மக்காவையும் மணந்துகொண்டு, மாமனாரின் மாட்டுக்கிடையைக் காக்கப் போய்க் களவாணிகளோடு சண்டையிட்டு மடிகிறான். அங்கே வில் வேகம் பிடிக்க வேண்டும். வேகம் ஏறினால்தான் சாமியாடிக்கு உடம்பு சிலிர்க்கும். பிளாக்பர்னும் இந்த மரணக் கட்டங்களில்தான் வில்லின் உயிர் இருக்கிறது என்று கண்டார். அங்கே பாட்டின் சொல் யாருக்கும் காதில் விழாது, அடிதான் விழும்.

அந்தக் கட்டம் வழக்கமாக வரும் நேரம் நடுநிசி. 2000-ம் வருஷத்து ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்து மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தியாக வேண்டும். வருஷத்தில் சில நாட்களுக்கு மட்டும் நடுநிசி வரை சலுகை. சட்டத்தில் எனக்கு ஆட்சேபணை இல்லை. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளும் நோயாளிகளும் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஆனால் ஒன்பதரை மணிக்குள் முத்துப்பட்டன் செத்தாக வேண்டும் என்றால் கதை ஓடத்தான் செய்யும், ஓடுகிற கதையில் கோல் எறிய நேரம் ஏது? போதாக்குறைக்கு இருக்கிற ஒரே நல்ல மைக்கை அண்ணாவியின் வாய்க்கு முன் வைக்கிறார்கள். பக்கத்தில் ஒருவர் மின்சாரப் பெட்டியில் தாளத்தைப் போட்டுவிடுகிறார். அப்புறம் வில் எதற்கு? அலங்காரத்துக்கு! சேமிப்புப் பிரசாரம், சுகாதாரப் பிரசாரம் என்று மேடையேறும் வில்கள் சிலவற்றில் வடம் தளர்ந்து கிடப்பதையே பார்க்கலாம். அடித்தால்தானே இறுக்கிக் கட்ட வேண்டும்.

கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் போகிற வழியில் ஒரு கிராமத்தில் சமீபத்தில் ஒரு பைத்தியத்தைச் சந்தித்தேன். தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர், எழுபதைத் தாண்டியவர். பேச்சு ஆரம்பித்துப் பத்து நிமிஷத்துக்குள் திண்ணை ஓரத்தில் கிடந்த இரண்டு அகப்பைக் காம்புகள் அவர் கைக்கு வந்துவிட்டன. தம் முழங்காலையே வடமாக்கி ஓர் அண்ணாவியின் அடியை அடித்துக் காட்டினார்.

"பாட்டு எல்லாருக்கும் கேக்கும் தம்பி. தெருக்கோடியில படுத்துக் கிடக்கிறவனுக்கும் கேக்கும். கோல் எறியிறது முன்னால வந்து உக்காந்தவனுக்குத்தான். அதுக்குத்தான நாங்க சாயங்காலமே போய்த் துண்டப் போட்டு எடம் பிடிப்போம்" என்றார்.

"கோல் தவறிக் கீழே விழுந்தால்?" என்று கேட்டேன்.

"விழும். விழாமலா இருக்கும்? விழுந்த கோல நம்மள்ல ஒருத்தன் எடுத்துக் குடுப்பான். குடுத்தவன் அடுத்த கொட வரைக்கும் அதையே சொல்லிக்கிட்டுத் திரிவான்."

அப்படி எடுத்துக் கொடுத்தவர்களில் அவரும் ஒருவரா என்று கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. உள்ளே பார்த்துப் பேரனைக் கூப்பிட்டார். போன வைகாசிக் கொடையில் பையன் போனில் எடுத்த படத்தைக் காட்டச் சொன்னார். பையன் ஆசையோடு காட்டினான். அண்ணாவியின் முகம் திரை முழுவதும் தெரிந்தது. நெற்றியில் திருநீறு, வியர்வை, நல்ல குரல். மார்புக்குக் கீழே படம் முடிந்துவிட்டது. சற்று நேரத்துக்கு ஒருமுறை ஒரு கோல் மட்டும் கீழேயிருந்து கிளம்பி, முகத்தைத் தாண்டி மேலே போய் மறைந்து, திரும்பி இறங்கியது. பிடித்தாரா, தவற விட்டாரா, தெரியவில்லை.

"பாத்தீங்களா! சோத்த விட்டுட்டு எலைய எடுத்திருக்கான்" என்றார் பெரியவர்.

பையனுக்கு முகம் சுண்டிவிட்டது. "தாத்தா, கையி எதுக்கு? பாடறவரத்தான எடுக்கணும்?" என்றான்.

பெரியவர் அகப்பைக் காம்புகளைக் கீழே வைத்தார். ஆவணியில் பக்கத்து ஊரில் கொடை இருக்கிறதாம். வேறு அண்ணாவி, வயது முப்பதுக்குள், கை நன்றாக விழுகிறது என்று கேள்வி. அதற்குத் தாமே போனை வைத்துக்கொண்டு முன்னால் உட்காரப் போவதாக அறிவித்தார். நான் விடைபெற்று வாசலுக்கு வந்தபோது, சிவப்பாகத் தெரிகிற பொத்தானை ஒரு தடவை அமுக்க வேண்டுமா, அமுக்கியபடியே பிடித்திருக்க வேண்டுமா என்று பேரனிடம் விசாரித்துக்கொண்டிருந்தார்.