அப்டேட் போட்டால் மட்டும் போதாது
2014 ஏப்ரலில் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற என்க்ரிப்ஷன் லைப்ரரியின் ஹார்ட்பிளீட் ஓட்டை அம்பலமானபோது, அப்டேட் மட்டும் போட்டு ரீஸ்டார்ட் செய்யாத சர்வர்கள் ஆபத்திலேயே இருந்தன. டிஸ்கில் புதிய லைப்ரரி வந்துவிடும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் அப்பாச்சி வெப் சர்வரோ மெமரியில் ஏற்றிய பழையதையே பிடித்துக்கொண்டிருக்கும். லினக்ஸில் அந்த புராசஸின் ‘மேப்ஸ்’ ஃபைலைத் திறந்தால், பழைய லைப்ரரியின் பெயருக்குப் பக்கத்தில் ‘டெலிட்டட்’ என்று நிற்கும். டெபியனில் ‘நீட்ரீஸ்டார்ட்’ என்ற டூல் இப்படிப்பட்ட புராசஸ்களைத் தேடிப் பிடித்து, எந்தெந்த சர்வீஸை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும் என்று சொல்லிவிடுகிறது. இவ்வளவு முக்கியமான சோதனையை அட்மினின் விருப்பத்துக்கு விடுவது தவறு. ஒவ்வொரு அப்டேட்டின் கடைசிப் படியாக அது கட்டாயம் ஓட வேண்டும். நள்ளிரவில் தானாக அப்டேட் ஆகும் சர்வர்களில் திரையைப் பார்க்க ஆளே கிடையாது. அங்கே இந்தச் சோதனை ஓடி, சர்வீஸ்களைத் தானாகவே ரீஸ்டார்ட் செய்வது இன்னும் அவசியம். டேட்டாபேஸை மட்டும் தானாக ரீஸ்டார்ட் ஆக விடாதீர்கள். அதற்கு நேரம் குறித்து ஒருவர் கூடவே உட்கார வேண்டும்.