காமாலைக்கு முன் என்ன மாத்திரை?

மயிலாப்பூரில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். "போன தடவை சளிக்குத் தந்ததையே குடுங்கண்ணே" என்று காலி அட்டையை நீட்டுகிறார்கள். பெரும்பாலும் அது அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட் என்ற ஆன்டிபயாட்டிக். மருத்துவர் சீட்டில்லாமல் தர மாட்டேன்.

நல்ல மருந்துதான். ஆனால் அரிதாகக் கல்லீரலைத் தாக்கும். ஐஸ்லாந்தில் நடத்தப்பட்டு 2013இல் வெளியான ஆய்வு, ஏறத்தாழ 2,350 பேரில் ஒருவருக்கு என்றது. கொடுமை என்னவென்றால், மாத்திரையை முடித்துச் சில வாரம் கழித்தும் காமாலை வரலாம். அதற்குள் மாத்திரை மறந்துபோயிருக்கும். தண்ணித்துறை மார்க்கெட்டில் கீழாநெல்லி வாங்கி அரைத்துக் குடிப்பார்கள். மருத்துவரிடமும் சளி மாத்திரையைச் சொல்வதில்லை. காரணம் தெரியாமல் அதே மருந்தை மறுபடி விழுங்கினால் பாதிப்பு இன்னும் கடுமையாகலாம்.

இதில் எங்கள் தொழிலுக்கும் பொறுப்பு உண்டு. அட்டையை நான்கு மாத்திரையாக வெட்டிக் கொடுக்கும்போது பெயர் கத்திரியோடு போய்விடுகிறது. மருந்துப் பெயரும் தேதியும் எழுதிய பில் இல்லாமல் ஆன்டிபயாட்டிக் கடையை விட்டு வெளியே போகவே கூடாது. சிறுநீர் அடர்மஞ்சளாகப் போனால், உடம்பெல்லாம் அரித்தால், அந்த பில்லோடு மருத்துவரிடம் போங்கள். பக்கவிளைவைத் தெரிவிக்க, மத்திய அரசின் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு 1800-180-3024 என்ற இலவச எண் இருக்கிறது, நோயாளியே அழைக்கலாம்.