ஒளிவாளுக்கு உயிர் ஒலியே

ஒளிவாள் செய்வோர் பலரும் ஒளியில் தொடங்கி ஒலியில் முடிக்கின்றனர். இந்த வரிசை தலைகீழானது என்பது என் துணிபு. 1977-இல் வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்' திரைப்படத்தில் கண்ட வாளைத் தம் கையால் படைத்துப் பார்க்கும் ஆர்வம், இன்று பல நாடுகளில் ஒரு கைவினையாகவே வளர்ந்திருக்கிறது. அலுமினியக் குழாயைக் கடைந்து அழகிய பிடி அமைக்கிறார்கள். மிகுந்த பிரகாசமுள்ள எல்.இ.டி.யைத் தேடி வாங்குகிறார்கள். கடைசியில், எஞ்சிய மூலையில் ஒரு சிறு ஒலிபெருக்கியைத் திணித்து வேலையை முடித்துவிடுகிறார்கள். கண்ணைப் பறிக்கும் வாள் கிடைக்கிறது. அதன் குரலோ தகரடப்பாவில் அடைபட்ட வண்டின் குரலாக இருக்கிறது.

தமிழ் பயிற்றுவிப்பவனுக்கு இதில் என்ன வேலை என்று நண்பர்கள் வினவக்கூடும். நம் போர்க்காவியங்களில் அம்பு வருமுன் நாணொலி வந்துவிடும். ஆயுதத்தின் ஆற்றலைக் கேட்போர் நெஞ்சில் நிறுவுவது அவ்வொலியே. ஒளிவாளுக்கும் இது முற்றிலும் பொருந்தும்.

முதற்படத்தின் படப்பிடிப்பில் நடிகர்கள் பிடித்திருந்தது ஒளியை எதிரொளிக்கும் பூச்சுள்ள வெறும் தண்டு. லூக்கின் வாட்பிடி, கிராஃப்லெக்ஸ் என்னும் பழைய ஒளிப்படக் கருவியின் ஃபிளாஷ் பிடியிலிருந்து உருவானது. அந்தத் தண்டை வாளாக்கியதில் பெரும்பங்கு ஒலிவடிவமைப்பாளர் பென் பர்ட்டைச் சாரும். பழைய திரைப்பட புரொஜெக்டர் மோட்டாரின் ரீங்காரத்தையும், தொலைக்காட்சிப் பெட்டியின் அருகே சென்ற பழுதான ஒலிவாங்கிக் கம்பி ஈர்த்த இரைச்சலையும் அவர் ஒன்றாகக் கலந்தார். பின்னர் அக்கலவையை ஒலிபெருக்கியில் ஒலிக்கவிட்டு, அதன்முன் மற்றொரு ஒலிவாங்கியை வீசி வீசிப் பதிவுசெய்தார். விலகியும் நெருங்கியும் சென்றபோது டாப்ளர் விளைவால் சுருதி ஏறி இறங்கியது. வாள்வீச்சின் ஓசை பிறந்தது அவ்வாறே.

இதில் செய்வோர்க்கு ஒரு பாடம் உண்டு. வீச்சொலி என்பது ரீங்காரமே அசைவால் உருமாறுவது. பழைய ஒலிப்பலகைகள் பல, அசைவு ஓர் எல்லையைத் தாண்டியதும் முன்பே பதிந்த 'விஷ்' ஒலியொன்றை எடுத்து ஒலிக்கும். மெல்லத் திருப்பினால் வாள் ஊமையாகிவிடும். இன்று பரவலாயுள்ள முறையோ வேறு. ஜைரோஸ்கோப் உணர்த்தும் வேகத்திற்கேற்ப, இடைவிடாது ஓடும் இரு ஒலிகளைக் கணத்துக்குக் கணம் கூட்டியும் குறைத்தும் கலக்கிறார்கள். திறந்த மூலநிரலுள்ள 'ப்ராஃபி' பலகையில் இதைச் செய்யலாம். கை எப்படி அசைகிறதோ அப்படியே குரலும் அசைகிறது. செலவழிக்க வேண்டிய இடம் இதுவே.

ஆகவே, குழாயை அறுக்குமுன் ஒலிபெருக்கிக்கு இடம் வகுத்துவிடுங்கள். பிடியின் அடிமுனையே அதற்கு ஏற்றது. 28 மில்லிமீட்டர் விட்டமுள்ளது நுழையுமெனில் 20 மில்லிமீட்டருக்கு இறங்க வேண்டாம். ஒலிபெருக்கியின் முன்புற அலையும் பின்புற அலையும் கலந்தால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். எனவே அதன் விளிம்பைச் சுற்றி இடைவெளியின்றி அடைக்கவேண்டும். அடிமூடியில் ஒலி வெளியேறத் துளைகள் வேண்டும்.

ஒளிக்கான மின்சுற்றும் ஒலியைக் காக்கவே கவனமாக அமையவேண்டும். வாளலகு முழுதும் சிறு எல்.இ.டி.கள் நிறைந்த பட்டையைப் பொருத்துவோர் மெல்லிய கம்பியைப் பயன்படுத்தினால், மின்னோட்டம் உயரும்போது மின்னழுத்தம் சரியும். ஒலிப்பலகை தடுமாறி நின்றுபோகவும் கூடும். பிடிக்குள் ஒற்றை எல்.இ.டி. வைப்போர்க்குக் கணக்கு எளிது. முழுதும் ஏற்றிய லித்தியம் மின்கலம் 4.2 வோல்ட், சிவப்பு எல்.இ.டி.க்கு ஏறத்தாழ 2.2 வோல்ட் போதும். 1 ஆம்பியர் ஓடவேண்டுமெனில், மிச்சமான 2 வோல்ட்டை 2 ஓம் மின்தடை ஏற்கவேண்டும். அதில் 2 வாட் வெப்பம் எழும். கால் வாட் மின்தடை கருகிவிடும். அலுமினியப் பிடி மின்கடத்தி என்பதையும் மறவாதீர்கள். மறைக்காமல் விட்ட சால்டர் முனைகள் அதைத் தொட்டால் மின்கலம் குறுக்குச்சுற்றாகிச் சூடேறக்கூடும். அது நம் உள்ளங்கைக்குள் இருக்கும் பொருள். பாதுகாப்புச்சுற்று உள்ள மின்கலத்தையே வாங்குங்கள். சிக்கனம் பார்க்கவேண்டிய இடம் வேறு.

ஆயத்தமாகவே கடையில் கிடைக்கும் பொம்மைக்கு இத்தனை பாடா என்பார் உளர். பிரெஞ்சு வாள்வீச்சுக் கூட்டமைப்பு 2019-இல் ஒளிவாட்போரை முறையான போட்டியாக ஏற்றுக்கொண்டது. அதனாலேயே இது உயர்ந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. திரையில் ஒருவர் காதால் கண்டறிந்ததை, இன்னொருவர் தம் கையால் மறுபடி கண்டறியும் முயற்சி இது. வாங்கிய வாளில் அந்தக் கண்டறிதல் இல்லை. ஒளியை மட்டும் பெருக்கிய வாளிலும் இல்லை. விளக்கை அணைத்துக் கண்ணை மூடிக்கொண்டு வீசிப்பாருங்கள். அப்போதும் அது வாளாக இருந்தால், செய்தவர் வென்றார்.