சரக்குப் பெட்டியும் பாடபேதமும்

தென்காசி வட்டாரத்தில் மீட்டர்கேஜ் காலத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் மூன்று செய்திகள் தவறாமல் வந்துவிடும். ஆரியங்காவு மலைப்பாதையில் முக்கி முனகி ஏறிய நீராவி எஞ்சின் ஒன்று. கழுதுருட்டிக்கருகே நிற்கும் பதின்மூன்று கண் பாலம் மற்றொன்று. சாரல் தொடங்கியதும் குற்றாலத்துக்கு நீராட வந்து தென்காசி நிலையத்தில் இறங்கிய கூட்டம் மூன்றாவது. கட்டுரைகளிலும் பழைய நினைவுகளை எழுதும் நண்பர்களின் பதிவுகளிலும் இந்த மூன்றே திரும்பத் திரும்ப வருகின்றன. அந்த எஞ்சினுக்குப் பின்னால் எத்தனையோ நாட்கள் பயணிகளே இல்லாத பெட்டிகள் தொடர்ந்தன என்பதை எவரும் சொல்வதில்லை. கூட்ஸ் வண்டி நம் நினைவிலிருந்து நழுவிவிட்டது.

நழுவியதன் அளவை உணர வரலாற்றைச் சுருக்கமாகப் பார்க்கலாம். தென்னிந்திய ரயில்வே கம்பெனி திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டை வரை 1903இல் பாதை அமைத்தது. 1904 நவம்பரில் செங்கோட்டைக்கும் புனலூருக்கும் இடைப்பட்ட மலைப்பகுதியிலும் வண்டி ஓடத் தொடங்க, கொல்லத்துறைமுகமும் திருநெல்வேலிச் சீமையும் ஒரே இருப்புப்பாதையால் இணைந்தன. 1927இல் விருதுநகர்ப் பாதை வந்து சேரவே தென்காசி சந்திப்பு நிலையமாயிற்று. மலையைக் குடைந்து பாதை போட முனைந்தவர்களின் கணக்கில் சரக்குக்குப் பெரிய இடம் இருந்தது. மேற்கேயிருந்து முந்திரியும் தேயிலையும் மரமும் மலைச்சரக்கும் வந்தன. கிழக்கேயிருந்து அரிசியும் பருத்தியும் போயின. 2010 செப்டம்பரில் செங்கோட்டை - புனலூர் மீட்டர்கேஜ் வண்டிகள் நின்றன. 2012இல் திருநெல்வேலி - தென்காசிப் பகுதி அகலப்பாதையாயிற்று. 2018இல் மலைப்பாதையும் அகலப்பாதையாகத் திறக்கப்பட்டது. பாலம் இருக்கிறது, குகைகள் இருக்கின்றன. பாரம் சுமந்த பெட்டிகள் இல்லை.

இந்நிலையில், நீராவிக் காலச் சரக்குப் பெட்டிகளைச் சிற்றுருவில் துல்லியமாகச் செய்யும் கலையைப் பற்றி இலக்கிய வாசகர்களிடம் பேச விரும்புகிறோம். பொழுதுபோக்குக்கும் இலக்கியத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கும் நண்பர்கள் சற்றே பொறுக்க வேண்டும்.

பள்ளி, கல்லூரிக் கண்காட்சிகளில் தெர்மாக்கோல் பாலமும் அட்டைப்பெட்டி ரயிலும் செய்து வைப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவற்றில் எஞ்சின் கறுப்பாக இருக்கும், புகைபோக்கி இருக்கும், பின்னால் நான்கைந்து பெட்டிகள் இருக்கும். பிள்ளைகளின் ஆர்வத்தைக் குறை சொல்ல நமக்கு மனமில்லை. ஆனால் துல்லியமான சிற்றுரு என்பது வேறு வகை உழைப்பு. அதில் ஒவ்வொரு அளவுக்கும் சான்று வேண்டும். உலகெங்கும் மிகப் பரவலாக உள்ள அளவுவிகிதம் எண்பத்தேழில் ஒரு பங்கு. ஆறு மீட்டர் நீளமுள்ள பெட்டி அந்த விகிதத்தில் ஏழு சென்டிமீட்டருக்குச் சற்றே குறைவாக வரும். இரண்டு சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு ரிவிட்டின் தலை கால் மில்லிமீட்டரைக்கூட எட்டாது. அந்தக் கால் மில்லிமீட்டரைச் சரியான இடத்தில், சரியான எண்ணிக்கையில் வைப்பதற்காக ஆண்டுக்கணக்கில் பழைய வரைபடங்களைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இதில் நம் ஊருக்குச் சாதகமான கணக்கு ஒன்றும் உண்டு. இந்திய அகலப்பாதையின் தண்டவாள இடைவெளி 1676 மில்லிமீட்டர். எண்பத்தேழில் ஒரு பங்காக்கினால் பத்தொன்பது மில்லிமீட்டருக்கு மேல் வேண்டும். ஆனால் அந்த விகிதத்தில் கடையில் கிடைக்கும் தண்டவாளத்தின் இடைவெளி பதினாறரைதான். எனவே அதன்மேல் நிற்கும் இந்திய அகலப்பாதைப் பெட்டி, குறுகிய செருப்பில் கால் நுழைத்தவனைப் போல இருக்கும். மீட்டர்கேஜுக்கு அந்த இடர் இல்லை. ஆயிரம் மில்லிமீட்டர் பதினொன்றரையாகச் சுருங்குகிறது. சுவிட்சர்லாந்தின் மலைப்பாதைகளும் மீட்டர்கேஜ் ஆனதால், அவற்றின் சிற்றுருக்களுக்காகப் பன்னிரண்டு மில்லிமீட்டர் தண்டவாளம் விற்பனையில் இருக்கிறது. பிழை அரை மில்லிமீட்டரே. செங்கோட்டை மலைப்பாதையைச் சிற்றுருவாக்க விரும்புகிறவருக்குத் தண்டவாளம் தயார் என்று பொருள். இல்லாதது அதன்மேல் ஓடவேண்டிய பெட்டியைப் பற்றிய அறிவு.

அமெரிக்காவில் இந்த அறிவை ரசிகர்களே திரட்டினார்கள். முதல் உலகப்போரின்போது அந்நாட்டு அரசு ரயில்வேக்களைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு, 1918இல் பொதுவான வரைபடங்களின்படி பல்லாயிரம் சரக்குப் பெட்டிகளைக் கட்டுவித்தது. அவை பல கம்பெனிகளுக்குப் பிரிந்து போயின. ஒவ்வொரு கம்பெனியும் தன் பணிமனையில் கூரையை மாற்றியது, கதவை மாற்றியது, மரப்பலகையைக் கழற்றி எஃகுத் தகடு அடித்தது. முப்பது ஆண்டுகள் கழிந்தபோது ஒரே தாய்க்குப் பிறந்த பெட்டிகள் ஒன்றையொன்று அடையாளம் காண முடியாதபடி ஆகிவிட்டன. எந்தப் பெட்டி எந்த ஆண்டில் எவ்வாறு மாறியது என்பதைப் புகைப்படங்கள், கம்பெனிப் பதிவேடுகள், பெட்டி எண் பட்டியல்கள் ஆகியவற்றை ஒப்பிட்டு இவர்கள் நிறுவினார்கள். இவர்களுக்கு உலகம் வைத்த பெயர் 'ரிவிட் எண்ணுகிறவர்கள்'. கேலிப்பெயர்தான்.

இலக்கியம் பயின்றவர்களுக்கு இந்த வேலை புதிதன்று. ஒரு மூலம், அதிலிருந்து பிரிந்த பல படிகள், ஒவ்வொரு படியிலும் எழுதினோர் செய்த மாற்றம், படிகளை ஒப்பிட்டு மூலத்தையும் கிளைகளையும் காண்பது: இதையே நாம் பதிப்பு என்கிறோம். 1889இல் பத்துப்பாட்டையும் 1894இல் புறநானூற்றையும் அச்சேற்றிய உ.வே.சாமிநாதையர் ஏடு ஏடாக ஒப்பிட்டுப் பாடபேதம் குறித்தபோது, ஓர் எழுத்துக்கு இத்தனை பாடா என்று கேட்டவர்கள் அன்றும் இருந்திருப்பார்கள். எழுத்து எண்ணியவரை நாம் இன்று தாத்தா என்று வணங்குகிறோம். ரிவிட் எண்ணுகிறவரைக் கண்டு மட்டும் ஏன் சிரிக்க வேண்டும்?

ஏடும் சரக்குப் பெட்டியும் ஒன்றா என்ற மறுப்பு எழும். பெருங்காப்பியம் வேறு, முந்திரி மூட்டை ஏற்றிய பெட்டி வேறு. எஞ்சினுக்காவது அழகு உண்டு, பெட்டிக்கு என்ன உண்டு என்று கேட்கலாம். இந்த மறுப்புக்கு விடை நம் இலக்கியத்திலேயே கிடக்கிறது. பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் உப்பு வணிகரின் வண்டியைப் பாடுகிறார். அவர் சொல்வது வண்டி வந்தது, போயிற்று என்பதன்று. சக்கரத்தின் சூட்டையும் ஆர்க்காலையும் சொல்கிறார். முழவைப் போன்ற குடத்தைச் சொல்கிறார். பருத்த பார்மரத்தையும் மேலே வேய்ந்த கூரையையும் சொல்கிறார். கோழிக்கூடு எங்கே இருந்தது, சிறிய உரல் எப்படித் தொங்கியது, வண்டி முகப்பில் எந்தக் கலம் கட்டப்பட்டிருந்தது என்பதெல்லாம் வருகிறது. புறநானூற்றின் நூற்றிரண்டாம் பாட்டிலோ ஔவையார் உமணர் வண்டியின் அடியில் கட்டிச் செல்லும் மாற்று அச்சைக் காட்டி அதியமான் மகனைப் புகழ்கிறார். அச்சு முறிந்தால் வழியில் என்ன செய்வது என்ற வண்டிக்காரனின் கவலையை அறிந்த ஒருவரே அந்த உவமையை எழுத முடியும். சங்கப் புலவர் பாடிய இந்த வண்டிகள் அரசன் ஏறிய தேர்கள் அல்ல. அக்காலத்து கூட்ஸ் வண்டிகள். அவர்கள் உறுப்பு உறுப்பாகச் சொல்லிவைத்ததால்தான் இரண்டாயிரம் ஆண்டுக்குப் பிறகு அந்த வண்டியைத் தச்சர் ஒருவர் ஏறக்குறையக் கட்டிவிட முடிகிறது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் தென்காசியில் நின்ற சரக்குப் பெட்டியைப் பற்றி நம்மால் அந்த அளவுக்கு எழுத முடியுமா?

தவறான சிற்றுரு, சிற்றுரு இல்லாமையைவிடத் தீங்கானது என்பது நம் துணிபு. காரணம் எளியது. இல்லாத இடம் இல்லாததாகவே தெரியும். தவறு உண்மைபோல் உட்கார்ந்துவிடும். எடுத்துக்காட்டாக, வெளிநாட்டுச் சிற்றுரு ஒன்றை வாங்கி வண்ணம் மாற்றி நம் பாதையில் நிறுத்துவது எளிது. ஆனால் பிரிட்டிஷ் பெட்டியின் முகப்பில் இருபுறமும் இரண்டு இடிதாங்கிகள் இருக்கும்; நம் மீட்டர்கேஜ் பெட்டிக்கு நடுவில் ஒன்றுதான். இரண்டு இடிதாங்கியோடு அதைப் பார்த்து வளரும் மாணவன் நாளை ஓவியத்திலும் அதையே வரைவான், திரைப்பட அரங்கமைப்பிலும் அதையே வைப்பான். பெட்டியின் பக்கவாட்டில் எழுதிய எழுத்துகளும் அப்படியே. உரிமையாளரின் அடையாள எழுத்து, பெட்டி எண், வெற்று எடை, ஏற்றுதிறன், பணிமனையில் கடைசியாகச் சீர்செய்த தேதி ஆகியவை அங்கே இருக்கும். தென்னிந்திய ரயில்வே 1951இல் தெற்கு ரயில்வேயுடன் கலந்துவிட்டது. மெட்ரிக் அளவைச் சட்டம் வந்தது 1956இல். ஆகவே பழைய கம்பெனியின் எழுத்தும் மெட்ரிக் எடையும் ஒரே பெட்டியில் புத்தம்புதிதாகப் பளபளத்தால், சங்கப் பாட்டில் மிளகாய் வந்ததற்கு ஒப்பான கால வழு அது.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. பயணிகள் பெட்டி பெரும்பாலும் தன் பாதையிலேயே போய்வரும். சரக்குப் பெட்டி நாடோடி. விழுப்புரம், காட்பாடி, பாகாலா, தர்மாவரம் வழியாக அன்று மீட்டர்கேஜ் வடக்கே தொடர்ந்து சென்றது. ஆதலால் மதராஸ் அண்டு சதர்ன் மராட்டா கம்பெனியின் பெட்டியோ மைசூர்ப் பெட்டியோ தென்காசிக்கு வருவதற்குப் பாதையில் தடை இருக்கவில்லை. அப்பெட்டிகளின் வரிசையைச் சரியாக அமைப்பவர் ஒரு காலத்தின் வாணிக வரைபடத்தையே அமைக்கிறார். 1970களின் நடுவில் எர்ணாகுளம் - திருவனந்தபுரம் பாதை அகலப்பாதையானபின் கொல்லத்தில் சரக்கை ஒரு வண்டியிலிருந்து இறக்கி இன்னொரு வண்டியில் ஏற்ற வேண்டியதாயிற்று. 1960ஐக் காட்டும் சிற்றுருவில் அந்த மாற்றுமேடை இருக்கக்கூடாது; 1980ஐக் காட்டுவதில் இல்லாமலிருக்கக்கூடாது. மேடையில் நிற்கும் சுமைதூக்குவோரின் உருவங்கள் அப்போதுதான் பொருள் பெறும். துல்லியம் என்பதை இரும்போடு மட்டும் கட்டிவைத்தால் அந்த மனிதர்கள் விடுபட்டுப் போவார்கள்.

அப்படியானால் செய்யத்தக்கது என்ன? பணம் பெரிய தடை என்று நாம் கருதவில்லை. வெளிநாட்டுத் தண்டவாளமும் மோட்டாரும் விலை கூடியவைதான். ஆனால் அளவெடுக்கும் நாடாவும் அட்டையும் பசையும் எவருக்கும் எட்டும். ஓடாத சிற்றுருவும் சிற்றுருவே. சென்னையிலும் திருச்சியிலும் ரயில் அருங்காட்சியகங்கள் உள்ளன. மீட்டர்கேஜ் உருப்படி எது கண்ணில் பட்டாலும், உரிய இசைவு பெற்று, அதை ஒரு மாணவக் குழு முழுமையாக அளந்து வரையலாம். பழைய புகைப்படம் ஒன்று கிடைத்தால், அதில் தெரியும் சக்கரத்தின் விட்டம் தெரிந்தாலே ஏனைய அளவுகளைக் கணக்கிட்டுவிடலாம். எல்லாவற்றிற்கும் மேலாக, செங்கோட்டையிலும் தென்காசியிலும் பணியாற்றி ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். கதவின் தாழ் எப்படித் திறந்தது, மழையில் எந்தப் பெட்டி ஒழுகியது, மலையேறும்போது பின்னால் எஞ்சினை எங்கே கோத்தார்கள் என்பவற்றை எந்த வரைபடமும் சொல்லாது, அவர்கள் சொல்வார்கள். அவர்கள் வழங்கிய தொழிற்சொற்களைத் தொகுத்தால் தமிழ்த்துறைக்கு அதுவே ஓர் ஆய்வேடாகும். நாட்டார் வழக்காற்றைத் தேடி மலையேறும் நம் மாணவர்களுக்கு ரயில்வே குடியிருப்பு அத்தனை தொலைவில் இல்லை.

பதிப்பாசிரியரின் ஒழுக்கம் ஒன்றையும் இக்கலை கைக்கொள்ள வேண்டும். ஏடு சிதைந்த இடத்தில் புள்ளியிட்டு விடுவதே நல்ல பதிப்பு. தன் சொல்லை நுழைப்பது அன்று. பெட்டியின் ஒரு பக்கத்துக்குத்தான் சான்று கிடைத்தது என்றால் மறுபக்கத்தை வெறும் அட்டையாகவே விட்டுவைக்கலாம். பின்னால் வருகிறவர் சான்றோடு வந்து நிரப்புவார்.

பின்னால் வருகிறவரை நம்பும் மரபு தென்காசிக்குப் புதிதன்று. பதினைந்தாம் நூற்றாண்டில் காசி விசுவநாதர் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன், இக்கோயிலுக்குக் குறை நேர்ந்தால் அதைத் திருத்திக் காப்பவர்களின் அடியில் விழுந்து வணங்குவதாகக் கல்லில் பொறித்துவைத்தான். சிதைந்து நெடுங்காலம் நின்ற கோபுரம் 1990இல் மீண்டும் எழுந்தது. கோபுரத்துக்குக் கல்வெட்டு இருந்தது, அடித்தளம் இருந்தது, பார்த்துப் பார்த்து ஏங்கிய ஊர் இருந்தது. சரக்குப் பெட்டிக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. அதை நினைவில் வைத்திருப்பவர்களுக்கும் வயதாகிவிட்டது. ஆகவே நாடாவையும் குறிப்பேட்டையும் எடுத்துக்கொண்டு புறப்படுவதற்கு அடுத்த கல்வியாண்டு வரை காத்திருக்க வேண்டாம் என்று நம் துறை நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.