உயரே போனா உள்ளே இருக்கிற காத்து வீங்கும்!

குற்றால சீஸன் ஆரம்பிச்சா தென்காசி பஸ் ஸ்டாண்டுல காலேஜ் கூட்டத்தை ஈஸியா கண்டுபிடிச்சிடலாம். தோள்ல ஈரத் துண்டு, கையில எண்ணெய் பாட்டில், வாயில கானாப் பாட்டு. சாரல்ல நனைஞ்சு, அருவியில நின்னு குளிச்சிட்டு வர்ற வரைக்கும் எல்லாம் ஜாலிதான். ஆழம் தெரியாத தண்ணியில பாறை மேலேருந்து தலைகீழா பாயறாங்க பாருங்க, வம்பு அங்கேதான். தலை அடியில் மோதினால் கழுத்து எலும்பு முறிந்து, அதுக்குள்ளே ஓடுற தண்டுவடம் நசுங்கிடும். அப்புறம் கை, கால், மூச்சு, சிறுநீர் எல்லாமே பிரச்னை.

அதே தென்காசிக்குப் பக்கத்தில்தான் ஆய்க்குடி இருக்கு. எஸ்.ராமகிருஷ்ணன் அந்த ஊர்க்காரர். 1975-ல் இன்ஜினீயரிங் நாலாம் வருஷ மாணவர். கடற்படை அதிகாரி தேர்வுக்காக பெங்களூர் போனார். உடல்திறன் சோதனையில் விழுந்து தண்டுவடத்தில் அடி. கழுத்துக்குக் கீழே உடம்பு செயலிழந்து போச்சு. நம்ம வயசு, பாஸ்! ராணுவ மருத்துவமனையில் அவருக்குச் சிகிச்சை அளித்த டாக்டர், ஏர் மார்ஷல் அமர்ஜித் சிங் சாஹல். 1981-ல் ராமகிருஷ்ணன் சொந்த ஊரில் மாற்றுத்திறனாளிகளுக்காக ஓர் அமைப்பு தொடங்கியபோது, அந்த டாக்டர் பேரையே வைத்தார். அதுதான் அமர் சேவா சங்கம். 2020-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. தண்டுவடம் அடிபட்டவர்கள் வீல்சேரில் உட்காரவும், புண் வராமல் உடம்பைப் பார்த்துக்கவும், திரும்ப வேலைக்குப் போகவும் கற்றுக்கொள்கிற இடமாக ஆய்க்குடி பேர் வாங்கியிருக்கு.

இந்த வாரம் நான் சொல்ல வந்தது அதுக்கு ஒரு படி முன்னாடி நடக்கிற விஷயம். எங்கேயோ தூரத்து ஊரில் அடிபட்டவரை இங்கே கொண்டுவரணும். அல்லது இங்கே அடிபட்டவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும். ஹாஸ்டலே சேர்ந்து பணம் வசூல் பண்ணும். யாராவது ஒருத்தர், 'ஃப்ளைட்ல கூட்டிட்டுப் போனா ரெண்டு மணி நேரம்தான் மச்சி'னு சொல்வார். சரிதான், ஆனா அந்த ரெண்டு மணி நேரத்தில் உடம்புக்குள்ளே என்ன நடக்கும்னு யாரும் கேட்கிறதில்லை.

ஊட்டி பஸ்ஸில் போறப்ப சிப்ஸ் பாக்கெட் பலூன் மாதிரி உப்புறதைப் பார்த்திருப்பீங்க. பாக்கெட்டுக்குள்ளே காத்து அதேதான். வெளியே அழுத்தம் குறைஞ்சதால உள்ளே இருக்கிறது விரியுது. பிளஸ் டூவில் படிச்சு மறந்த பாயில் விதி! விமானமும் ஒருவகையில் ஊட்டிதான். 35,000 அடியில் பறந்தாலும், கேபினுக்குள்ளே காற்றை அடைத்து அழுத்தத்தை ஏத்தி வைக்கிறாங்க. ஆனா தரை மட்டம் வரைக்கும் ஏத்துறதில்லை. 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருக்கிற அளவுக்குத்தான். ஊட்டி சுமார் 7,350 அடி. அதாவது சென்னையில் ஃப்ளைட் ஏறினா, இருபது நிமிஷத்தில் உங்க உடம்பு ஊட்டிக்குப் போயிடுது, ஸ்வெட்டர்கூட இல்லாம.

கணக்கைப் பாருங்க. தரையில் காற்றழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரசம். 8,000 அடியில் சுமார் 565. தரையில் 100 மில்லி இடம் பிடிக்கிற காத்து, அங்கே 135 மில்லி ஆகும். ஆக்ஸிஜனும் அந்த விகிதத்தில் குறையும். தரையில் 97, 98 சதவிகிதம் காட்டுகிற விரல் மீட்டர், நல்லா இருக்கிற ஆளுக்கே 90 சொச்சத்துக்கு இறங்கும். நமக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது. காது அடைக்கும், கொட்டாவி விட்டா சரியாயிடும், அவ்ளோதான்.

கழுத்தில் அடிபட்டவருக்கு அப்படி இல்லை. மூச்சு இழுக்கிற வேலையில் விலா எலும்புகளுக்கு நடுவே இருக்கிற தசைகளுக்கும் பங்கு உண்டு. கழுத்தில் தண்டுவடம் போனா அந்தத் தசைகள் ஸ்ட்ரைக். மிச்சம் இருக்கிறது உதரவிதானம் ஒண்ணுதான். நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவே தடுப்புச்சுவர் மாதிரி இருக்கிற பெரிய தசை அது. அவர் மூச்சு முழுக்க அதை நம்பித்தான் ஓடுது. இன்னொரு பக்கம், அடிபட்ட முதல் சில நாட்களில் குடலும் அசையாமல் நின்னுபோகும். உள்ளே வாயு சேர்ந்துக்கிட்டே இருக்கும். இந்த நிலைமையில் அவரைப் படுக்க வைத்து விமானத்தில் ஏத்தினா? வயித்தில் இருக்கிற காத்து மூணில் ஒரு பங்கு கூடுதலாக வீங்கி, உதரவிதானத்தை மேலே தள்ளும். ஆக்ஸிஜன் குறைஞ்ச நேரம் பார்த்து, இருக்கிற ஒரே மூச்சுத் தசைக்கும் முட்டுக்கட்டை! மேலே வாந்தி வந்து நுரையீரலுக்குள் போகிற அபாயம் வேற. அதனாலதான் கிளம்புறதுக்கு முன்னாடியே மூக்கு வழியா வயித்துக்கு ஒரு டியூப் போட்டு, அதைத் திறந்து விடுவாங்க. பார்க்க சாதாரணப் பிளாஸ்டிக் குழாய்தான். பயணத்தில் அதன் மதிப்பு தனி.

அடுத்து நெஞ்சு. கழுத்து முறிகிற அளவுக்கு அடிபட்டவருக்கு விலா எலும்பும் உடைஞ்சிருக்கலாம். நுரையீரலில் சின்ன ஓட்டை விழுந்து, வெளியே கொஞ்சம் காத்து கசிஞ்சு நின்னிருக்கும். தரையில் அது எக்ஸ்-ரேயில் ஒரு மெல்லிய கோடு. மேலே போனா அதுவும் விரிஞ்சு நுரையீரலையே நசுக்கும். அதனால் பயணத்துக்கு முன்னாடி நெஞ்சு எக்ஸ்-ரே கட்டாயம். காத்து இருந்தா டியூப் போட்டு வெளியே எடுத்துட்டுத்தான் கிளம்பணும்.

உடம்புக்குள்ளே இருக்கிற காத்து மட்டும் இல்லை, நாம வைக்கிற காத்தும் உண்டு. செயற்கை சுவாசத்துக்குத் தொண்டையில் போடுற டியூபின் முனையில் சின்ன பலூன் இருக்கும். மூச்சுக்குழாயோடு அது ஒட்டி நிக்கணும். அதன் அழுத்தம் 20 முதல் 30 சென்டிமீட்டர் தண்ணீர் அளவுக்குள் இருந்தால் பாதுகாப்பு. மேலே போகும்போது பலூன் வீங்கி, அந்த அளவைத் தாண்டி, மூச்சுக்குழாய்ச் சுவரில் ரத்தமே ஓடாதபடி அழுத்தும். மீட்டர் வைத்துப் பார்த்துக் காத்தைக் கொஞ்சம் இறக்குவாங்க. சிலர் காத்துக்குப் பதிலா சலைன் தண்ணீர் நிரப்புவதும் உண்டு. தண்ணீர் வீங்காதே! எலும்பு முறிவுக்குக் கட்டுற காத்துப் பட்டையும் இப்படித்தான் இறுகும்.

எல்லாமே வீங்கும்னு முடிவு கட்டிடாதீங்க, ஒண்ணு எதிர்மாறா நடக்கும். தண்டுவடம் அசையாமல் இருக்க, உள்ளே இருக்கிற காத்தை உறிஞ்சி எடுத்துக் கெட்டியாக்குற மெத்தை ஒண்ணு உண்டு. வெளியே இருக்கிற காற்றழுத்தம் அமுக்குவதால்தான் அது பலகை மாதிரி நிக்குது. மேலே போய் வெளி அழுத்தம் குறைஞ்சா அது தளரும். கூடப் போறவங்க மறுபடி பம்ப் பண்ணணும்.

தண்டுவடப் பாதிப்போடு பல வருஷமா இருக்கிறவங்க விமானத்தில் போறப்ப கதை வேறே. அவங்க பலர் உட்கார்றது காத்து நிரப்பின மெத்தையில். அது மேலே போனதும் உப்பிக் கல் மாதிரி ஆகும். உடனே கொஞ்சம் காத்தை இறக்குவாங்க, நியாயம்தான். ஆனா தரையிறங்கினதும் மறுபடி நிரப்ப மறந்தா, மெத்தை சப்பையாகி எலும்பு நேரா சீட்டில் உட்காரும். வலி தெரியாத உடம்பு, அவருக்கே தெரியாது. ரெண்டு மணி நேரம் போதும், படுக்கைப் புண் ஆரம்பிக்க. அது ஆற மாசக்கணக்கு ஆகலாம்.

இன்னொரு விஷயம், இதை நண்பர்கள் மட்டும் இல்லை, கூடப் போற சொந்தக்காரங்களும் தெரிஞ்சுக்கணும். தண்டுவடம் நெஞ்சுப் பகுதிக்கு மேலே அடிபட்டவருக்குப் பயணத்தில் திடீர்னு தலை வெடிக்கிற மாதிரி வலி, முகம் சிவந்து வேர்வை... 'மேலே வந்தா அப்படித்தான், காத்து மாற்றம்'னு மாத்திரையைக் கொடுத்துட்டுத் தூங்கச் சொல்லாதீங்க. யூரின் டியூப் மடங்கியிருக்கான்னு முதலில் பாருங்க. சிறுநீர்ப்பை நிரம்பினதை மூளைக்குச் சொல்ல முடியாமல், உடம்பு ரத்த அழுத்தத்தைத் தாறுமாறா ஏத்தும். தலை நிமிர உட்கார வைத்து, மடிப்பை எடுத்து விட்டாலே பல நேரம் இறங்கிடும். கவனிக்காமல் விட்டா மூளையில் ரத்தக் கசிவு வரைக்கும் போகும்.

சரி, விமானமே வேணாமா? அப்படிச் சொல்லலை. ஏர் ஆம்புலன்ஸில் டாக்டர் கேட்டா, பைலட் தாழப் பறந்து கேபின் அழுத்தத்தைத் தரை அளவுக்குப் பக்கத்தில் வைக்க முடியும். எரிபொருள் கூடும், நேரம் கூடும், பில்லும் கூடும். சாதாரண பயணிகள் விமானத்தில் ஸ்ட்ரெச்சரில் போறதுன்னா டாக்டர் பூர்த்தி செய்த மருத்துவப் படிவம் வேணும். சீட்டுகள் சிலதை மடக்கித்தான் படுக்கை போடுவாங்க. என் கருத்து, ஆளின் நிலை சீராகி, போற இடம் மறுவாழ்வு மையம்தான்னா, அவசரப்பட்டுக் கடன் வாங்கிப் பறக்க வேண்டியதில்லை. பெங்களூரே 3,000 அடி உயரத்தில் இருக்கு. அங்கேருந்து நல்ல ஆம்புலன்ஸில் சாலை வழியா தென்காசி வந்தா, அழுத்த மாற்றம் கொஞ்சம்தான், அதுவும் இறக்கம்.

இறக்கம்னதும் ஒண்ணு. கொடைக்கானல், ஊட்டியிலிருந்து 108-ல் நோயாளிகள் கீழேதான் வருவாங்க. மேலே சரியா நிரப்பின தொண்டை பலூன், அடிவாரம் வர்றப்போ அஞ்சில் ஒரு பங்கு சுருங்கும். ஓரத்தில் காத்து கசியும். மலைப்பாதையில் ஏத்தம் மட்டும்தான் பிரச்னைன்னு நினைச்சா மாட்டிக்குவோம்.

ஏத்தத்துக்கும் ஓர் உதாரணம் உண்டு. விழித்திரை விலகினதுக்கு ஆபரேஷன் பண்றப்ப, சில பேருக்குக் கண்ணுக்குள்ளே வாயுக் குமிழி வைப்பாங்க. மதுரையில் ஆபரேஷனை முடிச்சிட்டு அன்னிக்கே கொடைக்கானல் வீட்டுக்குப் பஸ் ஏறினா, சுமார் 7,000 அடியில் அந்தக் குமிழி வீங்கிக் கண் அழுத்தம் எகிறும், பார்வையே போகலாம். விமானமே ஏறலை, பஸ்தான்! குமிழி முழுசா கரையற வரைக்கும், அதுக்கு வாரக்கணக்கில் ஆகலாம், மலையும் விமானமும் கூடாது. டிஸ்சார்ஜ் ஆகும்போது 'எங்க ஊர் மலை மேலே'ன்னு டாக்டர்கிட்ட சொன்னாலே போதும்.

குற்றாலத்தில் கூட வந்தவன் பாறையிலிருந்து விழுந்து கழுத்து வலிக்குதுன்னா, கையையும் காலையும் பிடிச்சு நாலு பேர் தூக்கிட்டு ஓடாதீங்க. தலை, கழுத்து, முதுகு ஒரே கோட்டில் இருக்கணும். ஒருத்தர் தலையைப் பிடிச்சுக்கிட்டே இருக்கணும். 108-க்கு போன் பண்ணிட்டுப் பலகையோடு வண்டி வர்ற வரைக்கும் அசைக்காதீங்க. அப்புறம் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாத்துற பேச்சு வந்தா டாக்டர்கிட்ட கேட்க வேண்டிய கேள்வி ஒண்ணுதான்: 'சார், இவன் உடம்பில் எங்கெல்லாம் காத்து அடைபட்டிருக்கு?'