பரணில் கிடக்கும் பழைய கணினி வீட்டு இணையத்துக்குக் காவல் நிற்குமா?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு நிறுத்தியது. விண்டோஸ் 11 ஏறாத பழைய கணினிகளை ‘இனி எதற்கு?’ என்று பரணில் போடுகிறார்கள். அதே வீட்டு ஹாலில், வாங்கிய நாளிலிருந்து ஒரு அப்டேட்கூடப் பார்க்காத ரவுட்டர் விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருக்கும். உண்மையில் கவலைப்பட வேண்டியது அந்த ரவுட்டரைப் பற்றித்தான்.

2016-ல் பரவிய ‘மிராய்’ மால்வேர் பெரிய வித்தை எதுவும் காட்டவில்லை. கம்பெனி வைத்துக்கொடுத்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட கேமராக்களிலும் ரவுட்டர்களிலும் நுழைந்தது, அவ்வளவுதான். அவற்றை வைத்தே பெரிய இணையதளங்களை முடக்கினார்கள்.

பழைய கணினி இங்கேதான் கைகொடுக்கும். ஓப்பன்டபிள்யூஆர்டி, ஐபிஃபயர் ஆகிய இரண்டும் லினக்ஸில் இயங்கும் இலவச ரவுட்டர் மென்பொருள்கள். ரவுட்டர் கம்பெனி கைவிட்டாலும் இவற்றுக்கு அப்டேட் வந்துகொண்டிருக்கும். 64-பிட் ப்ராசஸர், 2 ஜிபி ரேம் இருந்தால் போதும். நெட்வொர்க் போர்ட் மட்டும் இரண்டு வேண்டும்: ஒன்றில் வெளி இணையம், இன்னொன்றில் வீடு. ஃபைபர் பெட்டியை ‘பிரிட்ஜ் மோட்’-க்கு மாற்றித் தரச் சொல்லி இணைய நிறுவனத்திடம் கேட்க வேண்டியிருக்கும். பழைய ரவுட்டர் இனி வைஃபை கொடுக்கும் வேலையை மட்டும் பார்க்கும்.

ஐபிஃபயரில் வெளி இணையத்துக்குச் சிவப்பு, வீட்டுக்குப் பச்சை, வைஃபைக்கு நீலம் என்று பிரிவுகள் உண்டு. மூன்றாவது போர்ட் ஒன்றைச் சேர்த்து கேமராவையும் டிவியையும் நீலத்தில் விட்டு, ஆபீஸ் லேப்டாப்பைக் கேபிள் வழியாகப் பச்சையில் வைக்கலாம். கேமராவுக்குள் புகுந்தவர் அங்கிருந்து லேப்டாப் பக்கம் எளிதில் தாவ முடியாது.

சரி, செலவே இல்லையா? இருக்கிறது, கரன்ட் பில்லில். 50 வாட் இழுக்கும் டெஸ்க்டாப்பை நாள் முழுக்க ஓடவிட்டால் இரண்டு மாதத்தில் 72 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்குக் கிடைக்கும் இலவச யூனிட்டில் கணிசமான பகுதி இதற்கே போய்விடும். 15 வாட்டில் ஓடும் பழைய லேப்டாப் என்றால் சுமார் 22 யூனிட்தான். யூஎஸ்பி நெட்வொர்க் அடாப்டர் போட்டுக்கொள்ளலாம். பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் கழற்றிவிட வேண்டும்.

ஆக, டெஸ்க்டாப்பைவிட லேப்டாப்பே இதற்குப் பொருத்தம். அதைவிட முக்கியம், வீட்டில் ஒருவராவது மாதம் ஒருமுறை உட்கார்ந்து அப்டேட் போட வேண்டும். மீட்டிங் நடுவில் நெட் போனால் சரிசெய்வதும் அவர் பொறுப்புதான். அதற்கு நேரமில்லாதவர்கள் இருக்கிற ரவுட்டரின் பாஸ்வேர்டை மாற்றி, அப்டேட் நின்றுபோயிருந்தால் புதிது வாங்குவதே நல்லது. அப்டேட் போட ஆளில்லாத லினக்ஸ் பெட்டியும் ஹாலில் சிமிட்டும் அந்தப் பழைய ரவுட்டரும் ஒன்றுதான்.