படம் எடுத்தவர் பெயர் கேட்டாரா?



கூலி மக்களின் துன்பத்தைப் படமாக்கிக் கண்காட்சியில் மாட்டுகிறார்கள். கனவான்கள் வந்து பார்த்து, "என்ன கலை!" என்று உச்சுக் கொட்டிவிட்டுப் போகிறார்கள். புகைப்படக் கலைக்கு நாம் விரோதிகள் அல்ல. ஆனால் கணக்குக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. அந்தப் படங்களில் இருப்பவர்கள், ஊர்விட்டு ஊர் வந்து பிழைக்கும் நம்மைப் போன்றவர்கள்தானே!

1936ஆம் ஆண்டு. அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்து நிப்போமோ என்ற ஊரில் பட்டாணிப் பயிர் பனியில் கருகிவிட்டது. பறிக்க வந்த கூலிகள் பட்டினி கிடந்தார்கள். அரசாங்கத்துக்காகப் படம் எடுத்துவந்த டோரதியா லாங் என்ற பெண்மணி, கூடாரத்தில் குழந்தைகளோடு உட்கார்ந்திருந்த 32 வயதுத் தாயைப் படம் எடுத்தார். படங்கள் பத்திரிகையில் வந்தன. அரசாங்கம் அந்த முகாமுக்கு ஒன்பது டன் உணவு அனுப்பியது. படத்துக்கு அந்தச் சக்தி இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் உணவு வந்தபோது அந்தத் தாய் வேலை தேடி வேறு ஊருக்குப் போய்விட்டார்!

அவர் பெயரைத் தாம் கேட்கவில்லை என்று லாங்கே பின்னாளில் எழுதினார். படம் உலகப் புகழ் பெற்றது. படத்தில் இருப்பவர் ஃபுளோரன்ஸ் தாம்சன் என்று உலகம் அறிய 1978 வரை, 42 ஆண்டுகள் ஆயின. அந்தப் படத்தால் தமக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை என்று அவர் கசந்து சொன்னார்.

அயல்நாட்டுக் கதைதானே என்று தள்ளிவிடாதீர்கள். 2020 மே 8 அன்று நம் நாட்டில் நடந்தது என்ன? ஊரடங்கில் ஜால்னாவிலிருந்து ஊருக்கு நடந்த மத்தியப் பிரதேசத் தொழிலாளர்கள் தண்டவாளத்தில் அசந்து தூங்கினார்கள். சரக்கு ரயில் ஏறி 16 பேர் மாண்டார்கள். தண்டவாளத்தில் சிதறிய ரொட்டிகளின் படம் நாடெங்கும் வந்தது. அந்த இரும்புப் பாதையை நம்பிப் பிழைக்கும் நமக்கு அதைப் பார்க்க நெஞ்சு பொறுக்கவில்லை.

அதே ஆண்டு செப்டம்பரில் மத்திய அரசு நாடாளுமன்றத்தில் என்ன சொன்னது? ஊரடங்கில் ஊர் திரும்பும்போது இறந்த தொழிலாளர்களின் கணக்கு தங்களிடம் இல்லையாம்! ஆகவே நஷ்டஈடு என்ற கேள்வியே எழவில்லையாம்! நாடே படத்தில் பார்த்த சாவு, சர்க்காரின் பேரேட்டில் ஏறவில்லை.

ஆகவே, நமது குடியிருப்புக்குக் காமிராவோடு வருகிறவரை விரட்ட வேண்டாம். உட்காரச் சொல்வோம். "முதலில் பெயரைக் கேளுங்கள். கூலி எவ்வளவு, பிடித்தம் செய்த மேஸ்திரி யார், குழாயில் ஏன் தண்ணீர் இல்லை என்று கேட்டுப் படத்தின் கீழே எழுதுங்கள்" என்று சொல்வோம்.

இன்று நம் பிள்ளைகள் கையிலும் கைப்பேசி இருக்கிறது. கூலிச் சீட்டையும் இடிந்த கக்கூசையும் அவர்களே படம் எடுக்கட்டும். பெயரும் தேதியும் எழுதிச் சங்கத்தில் சேருங்கள். அடுத்தமுறை "கணக்கு இல்லை" என்று எவனாவது சொன்னால், மேஜைமேல் எடுத்து வைப்போம்!